ஹம்பியும் காகிதப் படங்களும்

பாழடைந்த கட்டடத்தைப் படத்தில் பார்த்தால் அச்சமும் ஈர்ப்பும் சேர்ந்தே வருகின்றன. ஆளில்லாத மண்டபம், புல் முளைத்த படிக்கட்டு. கண்ணை எடுக்க மனம் வராது. ஆனால் படம் காட்டும் வெறுமை முழுக்க உண்மைதானா?

1565-இல் நடந்த தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரத் தலைநகர் பாழாயிற்று. 1856-இல் கம்பெனிப் படை அதிகாரி அலெக்சாண்டர் கிரீன்லா அங்கே படம் எடுத்தார். மெழுகு பூசிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். அதில் வெளிச்சம் பதிய நிமிடக்கணக்கில் ஆகும். குறுக்கே நடந்து போகிறவர் படத்தில் விழவே மாட்டார். ஆக, அந்தப் படங்களின் வெறுமைக்குப் போர் பாதி, கேமரா பாதி காரணம் என்று சொல்லணும். விருபாட்சர் கோயிலில் வழிபாடு நின்றுபோகவில்லை பாருங்கள்.

அதற்காக அப்படங்களை ஒதுக்கிவிட முடியுமா? விட்டலர் கோயில் கல்தேரின் மேல் செங்கல் விமானம் இருந்தது கிரீன்லாவின் படத்தில் தெரிகிறது. இன்று அது இல்லை. 1983-இல் ஆஸ்திரேலியர் ஜான் காலிங்ஸ் அதே இடங்களில் நின்று மறுபடி எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்தால் எது போச்சு, எது நின்றது என்பது விளங்கும்.

ஆகவே அன்பர்களே, சொந்த ஊர் போகும்போது இடிந்த மண்டபத்தைப் படம் எடுத்தால், இடத்தையும் தேதியையும் பின்னால் எழுதி வையுங்கள். மண்டபம் விழுந்த பிறகு அதுவே சாட்சி.