மைக் செட்டும் ரப்பர் சக்கரமும்

விழுப்புரமும் திண்டிவனமும் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. இவ்வட்டாரத்தில் இசைத்தட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர், செல்வர் வீட்டுக் கூடத்து இசைப்பெட்டியைவிட, மயிலம் பங்குனி உத்திரத்திலும் கூவாகம் சித்திரைத் திருவிழாவிலும் கலியாணப் பந்தல்களிலும் குழாய் ஒலிபெருக்கி கட்டிய மைக் செட் தொழிலையே முதலில் நோக்க வேண்டும்.

அதற்கு முந்தைய கிராமபோன் கையால் சாவி கொடுத்து ஓட்டப்பட்டது. சுருள்வில் தளரத் தளர வேகம் குறையாதபடி, சுழலும்போது வெளிப்புறமாக விரியும் சிறு குண்டுகள் கொண்ட வேகக்காப்பு உள்ளே இருந்தது. அரக்கும் கல்தூளும் கலந்த 10 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்று, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடம் பாடியது. 1930களில் ஏ.வி. மெய்யப்பனும் கூட்டாளிகளும் சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் இத்தகைய தட்டுகளைத் தமிழில் பதிவு செய்து விற்றது. ஆயினும் ஊசியின் அதிர்வை மட்டுமே நம்பிய அந்தப் பெட்டி திண்ணைக்குப் போதும், தேரடிக்குப் போதாது.

தேரடிக்கு மின்சாரத்தில் இயங்கும் ரெக்கார்டு பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் வேண்டியிருந்தன. பிளேயர்களில் பரவலாயிருந்த ஒரு வகையில், மோட்டார் அச்சுக்கும் தட்டைத் தாங்கும் சுழல்மேடையின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் அழுந்தி நின்று சுழற்சியைக் கடத்தும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்றுகளை ஒட்டி ஓடுவதால், 78 வேகத்துக்கு அதை ஏறத்தாழ 19இல் ஒரு பங்காகவும், நெடுந்தட்டின் 33⅓ வேகத்துக்கு 45இல் ஒரு பங்காகவும் குறைக்க வேண்டும். அச்சு படிப்படியாகத் தடித்திருப்பது அதற்காகவே. ரப்பர் சக்கரம் தேய்ந்து சிறுத்தாலும் வேகம் மாறாது, ஏனெனில் விகிதத்தை முடிவு செய்பவை அச்சின் விட்டமும் மேடையின் விட்டமும் மட்டுமே. ஆனால் ஓட்டம் நின்றபின் சக்கரத்தை விலக்காமல் விட்டால் ரப்பரில் பள்ளம் விழுந்து, அடுத்த ஓட்டத்தில் அது சுற்றுக்கொரு முறை இடிக்கும். மின்சாரம் தரும் ஜெனரேட்டர் தளர்ந்தாலோ பாட்டின் சுருதியே இறங்கிவிடும்.

இன்று சேகரிப்பாளர்கள் போற்றும் இங்கிலாந்தின் காரார்டு 301 கருவியும் இதே ரப்பர் சக்கர முறைதான். அதன் சிறப்பு கனத்த மேடையிலும் துல்லியமான மோட்டாரிலும் இருந்தது. மோட்டாரின் அதிர்வு சக்கரம் வழியே முள்ளை எட்டி உறுமலாகக் கேட்பது இம்முறையின் குறை. அதைக் களையவே 1961இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் மென்மையான பட்டையையும், 1970இல் டெக்னிக்ஸ் நிறுவனம் மேடையையே நேராகச் சுழற்றும் மோட்டாரையும் கொண்டுவந்தன. குழாய் ஒலிபெருக்கியோ தாழ்ந்த ஒலிகளைப் பெரும்பாலும் வெளிவிடாது. ஆகவே உறுமல் பந்தலில் எவர் காதிலும் விழவில்லை. அக்குழாயோடு காரார்டையே இணைத்திருந்தாலும் கேட்போருக்குப் பெரிய வேறுபாடு தெரிந்திராது என்பதே நேர்மையான மதிப்பீடு. நாகசுர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தில் நீண்டு நிற்கும் ஒரு சுரம் ஆடினால் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

1980களில் கேசட் வந்து இசைத்தட்டை ஓரங்கட்டியது. கேசட் பிளேயரில் நாடாவைச் சுழலும் அச்சோடு அழுத்தி நகரச் செய்ததும் ஒரு சிறு ரப்பர் சக்கரமே.