யூசுஃப் நபியின் சட்டையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும்



மன்னரின் கனவுக்கு விளக்கம் சொன்ன யூசுஃப் (அலை) அவர்களை அழைத்து வரச் சிறைக்கு ஆள் வந்தபோது, அவர்கள் உடனே புறப்பட்டுவிடவில்லை. கைகளை வெட்டிக்கொண்ட பெண்களின் செய்தி என்னவென்று மன்னரிடம் விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் (அல்குர்ஆன் 12:50). வெளியே வருவதை விட, வழக்கு மறுபடியும் விசாரிக்கப்படுவதே அவர்களுக்கு முதன்மையாக இருந்தது. இன்று நாம் மேல்முறையீடு என்பதும் ஏறக்குறைய அதுதான்.

தல்லாகுளத்து மக்களுக்கு மேல்முறையீடு என்றதும் 2004 ஜூலையில் மேலூர் சாலையில் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை நினைவுக்கு வரும். ஆனால் 1995-இல் காலாவதியான தடா சட்டத்தில் உயர் நீதிமன்றம் என்ற படியே இல்லை. தண்டிக்கப்பட்டவர் நேரே டில்லி உச்ச நீதிமன்றம் செல்ல வேண்டும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டுமே அதை உறுதிசெய்தது. 19 பேர் சிறையிலிருந்து விடுபட்டனர்.

2002-இல் வந்த பொடா சட்டம் உயர் நீதிமன்றப் படியைத் தந்தது. அப்படியும் குஜராத் அக்சர்தாம் வழக்கில் என்ன நடந்தது?

2002 செப்டம்பரில் காந்திநகர் கோயிலில் 30-க்கும் மேற்பட்ட அப்பாவிகள் கொல்லப்பட்டனர். மன்னிக்க முடியாத அக்கிரமம் அது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து முஃப்தி அப்துல் கய்யூம் உள்ளிட்டோர் கைதாயினர். 2006-இல் பொடா நீதிமன்றம் மூவருக்குத் தூக்கும், மற்ற மூவருக்குச் சிறையும் விதித்தது. 2010-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

வழக்கின் முக்கியச் சான்றுகளில் ஒன்று, சுட்டுக் கொல்லப்பட்ட தாக்குதல்காரர்களின் கால்சட்டைப் பைகளில் கிடைத்ததாகக் கூறப்பட்ட இரு உருதுக் கடிதங்கள். குண்டுகள் துளைத்து இரத்தத்தில் தோய்ந்த உடல்கள் அவை. கடிதங்களிலோ ஒரு கறையும் இல்லை, கிழிசலும் இல்லை! நீதிபதிகள் ஏ.கே.பட்நாயக், வி.கோபால கவுடா இருவரும் இதனை ஏற்கவில்லை. காவல்துறை பெற்ற வாக்குமூலங்களில் சட்டம் வகுத்த பாதுகாப்புகள் பேணப்படவில்லை என்றும், வழக்குத் தொடர அரசு அனுமதித்தது சிந்தித்துச் செய்ததல்ல என்றும் கண்டனர். 2014 மே 16 அன்று ஆறு பேரும் நிரபராதிகள் என விடுவிக்கப்பட்டனர்.

யூசுஃப் (அலை) அவர்களின் சட்டை பின்புறம் கிழிந்திருந்ததைக் கண்டே உண்மை வெளிப்பட்டது (12:28). அச்சான்றைப் பார்த்த பிறகும் அவர்களைச் சிறையில் அடைத்தார்கள் என்பதையும் அதே அத்தியாயம் சொல்கிறது (12:35).

விடுதலையானவர்கள் இழந்த ஆண்டுகளுக்கு இழப்பீடு கோரி மீண்டும் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2016-இல் அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை.