எண்ணுக்குப் பின்னால் ஒரு பெயர்



டிசம்பர் 17ஆம் நாள் திருப்பலியில் மத்தேயு நற்செய்தியிலிருந்து இயேசுவின் மூதாதையர் பட்டியல் வாசிக்கப்படுகிறது. பெயர்களாகவே இருப்பதால் பலருக்கும் அதில் மனம் ஒட்டுவதில்லை. ஆனால் அந்தப் பட்டியலில், மோவாபு நாட்டிலிருந்து புலம்பெயர்ந்து வந்த ஏழைக் கைம்பெண் ரூத்தின் பெயரும் இருக்கிறது. இறைவன் தம் மீட்புத் திட்டத்தில் அவரை மறக்கவில்லை.

நம் மண்ணிலிருந்து புலம்பெயர்ந்தவர்களுக்கும் ஒரு பட்டியல் உண்டு. 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாக 342 பேர் அதில் வந்திறங்கினர். அவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். 1911 வரை இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றவர்கள் 1,52,184 பேர்.

இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. அரசாங்கத் தாள்களில் பெயரைவிட அந்த எண்ணே முதன்மையானது. இன்று அவர்களின் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் தங்கள் வேரைத் தேடும்போது, அதே எண்தான் கதவைத் திறக்கிறது. பழைய திருமணச் சான்றிலோ வேறு தாளிலோ அந்த எண் கிடைத்துவிட்டால், கப்பல் பதிவேட்டில் அந்த மூதாதையரைக் கண்டுபிடிக்கலாம். தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு என எல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். மொரிசியஸ் சென்றவர்களின் பதிவேடுகள் அந்நாட்டின் மோக்கா நகரில், மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. அவர்களில் பலருடைய நிழற்படங்களும் அங்கே உள்ளன.

ஆனால் ஒரு சிக்கல். தமிழ் அறியாத எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினார்கள். சவரிமுத்து, ஆரோக்கியம் போன்ற பெயர்கள் உருமாறின. ஊர்ப் பெயர்களும் சிதைந்தன. எனவே தேடுபவர்கள் எழுத்தை நம்பாமல், வாய்விட்டு உச்சரித்து ஒலியைக்கொண்டு தேட வேண்டும்.

கப்பல் பதிவேடு ஊர்வரை கொண்டுவந்து விடும். அதற்கு மேல் வழிகாட்டுவது எது? அந்த ஊர் ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேடு! திருமுழுக்கையும் திருமணத்தையும் பங்குகள் பதிவு செய்ய வேண்டும் என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் கட்டளையிட்டது. பெற்றோர், ஞானப்பெற்றோர், நாள் ஆகியவை அதில் உண்டு. கங்காணிக்கும் முதலாளிக்கும் அவர் ஓர் எண். திருச்சபைக்கோ, பெயர் சொல்லி இறைவனுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிள்ளை.

அன்பர்களே, அந்தக் குடும்பங்கள் தேடும் பாதி விடை நம் சக்ரீஸ்து அலமாரியில் இருக்கலாம். அதைக் கரையான் அரிக்க விடலாமா? பழைய ஏடுகளைப் படமெடுத்துக் காப்போம். கடல் கடந்து ஒரு விசாரிப்புக் கடிதம் வந்தால், யாரோ எவரோ என்று ஒதுக்காமல் பதில் எழுதுவோம். நம் வீட்டுப் பெரியவர்களிடம், 'கப்பலேறிப் போனவர்கள் நம் குடும்பத்தில் உண்டா?' என்று கேட்டு எழுதி வைப்போம்.

ட்ரூரோ கரைசேர்ந்தது மரித்தோரை நினைவுகூரும் நவம்பர் மாதத்தில்தான். நம் மன்றாட்டில் அவர்களுக்கும் இடம் தருவோம். நம் பெயர்களைத் தம் உள்ளங்கையில் பொறித்து வைத்திருக்கும் ஆண்டவர், அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியை அளிப்பாராக. ஆமென்.