மெட்ராஸில் வாங்கிய வைரம், லண்டனில் வளர்ந்த வம்சம்: யார் இந்த ‘டைமண்ட்’ பிட்?

2025 அக்டோபரில் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பட்டப்பகலில் நகைகள் கொள்ளை போனது நினைவிருக்கலாம். அதே கூடத்தில் இருந்த ‘ரீஜென்ட்’ வைரத்தைத் திருடர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். அந்த வைரம் கைமாறிய ஊர், நம்ம மெட்ராஸ். அதை வாங்கியவரின் குடும்பம் பிரிட்டனுக்கு 2 பிரதமர்களைத் தந்தது.

யார் இவர்?

தாமஸ் பிட். 1653-ல் இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிதான் இந்திய வணிகத்தில் ஏகபோகம். பிட் அதை மதிக்காமல் தனியாக வியாபாரம் செய்தார். கம்பெனி வழக்குப் போட்டது, அபராதமும் விழுந்தது. ஆனாலும் அவரை அடக்க முடியவில்லை. கடைசியில் கம்பெனியே அவரை வேலைக்கு எடுத்து, 1698-ல் மெட்ராஸ் கவர்னர் ஆக்கியது. 1709 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

சென்னைக்கு என்ன தொடர்பு?

1708-ல் நுங்கம்பாக்கம், திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய 5 கிராமங்களை முகலாயர்களிடமிருந்து கம்பெனிக்கு வாங்கியது இவர் காலத்தில்தான்.

வைரக் கணக்கு என்ன?

1702-ல் கோல்கொண்டா சுரங்கப் பகுதியில் கிடைத்த 410 காரட் கல்லை, ஜாம்சந்த் என்ற வணிகரிடம் 48,000 வராகனுக்கு வாங்கினார் பிட். அன்றைய மதிப்பில் சுமார் 20,400 பவுண்ட். மூத்த மகன் ராபர்ட் அதை லண்டனுக்கு எடுத்துப் போனார். பட்டை தீட்டியபின் எஞ்சியது சுமார் 140 காரட். 1717-ல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளர் ஆர்லியன்ஸ் கோமகன் அதற்குக் கொடுத்த விலை 1,35,000 பவுண்ட். 15 ஆண்டுகளில் ஆறரை மடங்கு!

மிரட்டி வாங்கினார் என்ற பேச்சு கடைசிவரை அவரை விடவில்லை. முறைப்படிதான் வாங்கினேன் என்று எழுதியே வைக்க வேண்டி வந்தது.

பணம் எங்கே போனது?

நிலத்துக்கு. அன்றைய இங்கிலாந்தில் நிலம் இருந்தால்தான் மரியாதை, அரசியலும் கூடவே வரும். கார்ன்வாலில் போகனாக் எஸ்டேட்டை வாங்கினார். அதற்கு முன்பே, 1691-ல், அவர் வாங்கியிருந்த சொத்து இன்னும் சுவாரஸ்யமானது: ஓல்டு சேரம்.

சாலிஸ்பரி அருகே உள்ள வெறும் மேடு அது. ஊர் 13-ம் நூற்றாண்டிலேயே காலியாகிவிட்டது. ஆனால் நாடாளுமன்றத்துக்கு 2 எம்.பி.க்கள்! ஓட்டுரிமை இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு மட்டும். நிலம் யாருடையதோ, அவர் கைகாட்டுபவரே எம்.பி. சிம்பிளா சொன்னால், தொகுதியே குடும்பச் சொத்து. பிட்டும் அங்கிருந்து எம்.பி. ஆனார், மகன் ராபர்ட்டும் ஆனார்.

குடும்பம்?

நிம்மதி குறைவு. மனைவி ஜேன் இங்கிலாந்தில், இவர் மெட்ராஸில். வீட்டுச் செலவு, சண்டை என்று இவர் எழுதிய கடிதங்களில் திட்டுதான் அதிகம். மகள் லூசி மணந்த ஜேம்ஸ் ஸ்டான்ஹோப், பின்னாளில் அரசின் முக்கிய அமைச்சர் ஆனார். 1726-ல் தாமஸ் பிட் இறந்தார், அடுத்த ஆண்டே ராபர்ட்டும் போய்ச் சேர்ந்தார்.

ராபர்ட்டின் மகன் வில்லியம் பிட் 1735-ல் எம்.பி. ஆனது இதே ஓல்டு சேரத்தில். 1766-ல் பிரதமர். அவர் மகன் இளைய வில்லியம் பிட், 1783-ல் 24 வயதில் பிரதமர்.

இதில் முரண் எங்கே?

1770-ல் மூத்த வில்லியம் பிட், ஆசியச் செல்வம் பிரிட்டன் அரசியலைக் கெடுக்கிறது என்று நாடாளுமன்றத்தில் பொங்கினார். தாத்தாவின் வைரம் அப்போது பிரெஞ்சு அரச நகைகளில் ஒன்று. 1785-ல் இளையவர், இப்படிப்பட்ட 36 ‘அழுகிய தொகுதி’களை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார், தோற்றார். ஓல்டு சேரம் தொகுதி ஒழிந்தது 1832-ல்தான். அதுவரை மான்செஸ்டர் போன்ற பெரிய நகரத்துக்கே தனி எம்.பி. கிடையாது.

எம்.பி. பதவியைப் பணம் வாங்கும், அந்தப் பதவி வாரிசுக்குப் போகும். 300 ஆண்டுப் பழைய கதைதான், ஆனால் கேட்டால் புதுசா இருக்கிறதா என்ன?