கோலார் பாறையின் சாட்சியம்

வெளி மாநிலத் தமிழரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் கோலார் தங்கவயலை ஒதுக்கிவிட முடியாது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தொழில் தொடங்கிய பின், வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து சென்ற தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அந்தப் பாறையைக் குடைந்தனர். இதைக் கேட்போரில் சிலர் அவ்வழி வந்தவராகவும் இருக்கலாம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கிற்று. பொன் வெளியேறியது, வெட்டிய வெற்றிடங்கள் எஞ்சின.

கைவிடப்பட்ட அத்தகைய பகுதி ஒன்றிலேதான், 1980-களில் நம் அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் நூதனமான பரிசோதனை ஒன்றைத் தொடங்கினர். அணு உலைகளில் பயன்பட்ட எரிபொருளைச் சுத்திகரித்தபின் எஞ்சும் கடுங்கதிரியக்கக் கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, உருக்குக் கலங்களில் அடைப்பது வழக்கம். அக்கலம் நெடுங்காலம் வெப்பத்தை உமிழும். அதைப் பாதாளத்தில் புதைத்தால் சுற்றியுள்ள பாறை என்னவாகும்? விரிசல் காணுமா? அதன் வழியே நீர் புகுமா? ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆழத்தில் மின்சாரச் சூடேற்றிகளைப் பாறையில் பதித்து, ஆண்டுக்கணக்கில் அளவெடுத்தனர். கழிவு எதுவும் அங்கே செல்லவில்லை. சூடு மட்டுமே சென்றது.

ஆனால் கழிவிலுள்ள நெப்டூனியம் 237 பாதியாகக் குறையவே 20 லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். சில ஆண்டுச் சூட்டைக் கொண்டு அத்தனை காலத்துக்கு ஜாமீன் கூறலாமா? ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில், ஓக்லோ என்னுமிடத்து யுரேனியப் படிவில், ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அணுப்பிளவு இயற்கையாகவே நிகழ்ந்ததென்று 1972-இல் கண்டனர். அதன் எச்சங்களிற் பல பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. நல்ல சான்றுதான், எனினும் கோலாருக்கு அது செல்லாது. ஓக்லோப் பாறையை யுகயுகமாக எவரும் தீண்டவில்லை. தங்கவயற் பாறையோ நூற்றாண்டுக்கு மேல் குடையப்பட்டது. அழுத்தம் தாளாமல் திடீர் திடீரென வெடித்துத் தொழிலாளர் உயிரைக் குடித்தது. 2001-இல் சுரங்கங்களை மூடியபின் இறைப்பு நின்று நீரும் நிறைந்தது. சோதனைக்கு ஏற்ற இடம். புதைகுழிக்கு அன்று என்பதே என் எண்ணம்.

2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, கழிவைப் புதைக்கும் இடமாகக் கோலாரின் பெயர் அடிபட்டது. மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அத்தகைய உத்தேசம் இல்லையென்று அரசாங்கம் அறிவிக்க நேர்ந்தது. பாறை எப்படி வெடிக்கும் என்பதைப் பாட்டன் காலந்தொட்டு அறிந்த குடும்பங்கள் அவை. அவர்களை முன்கூட்டியே கேட்டிருக்கலாம். ஆழ்புதைவிடம் இந்தியாவில் இன்னும் அமையவில்லை. தாராப்பூரில், காற்றோட்டமுள்ள காப்பறைகளில், கண்ணாடிக் கழிவு மெல்ல ஆறிக்கொண்டிருக்கிறது.