ஒரு துளி ஏரித் தண்ணீரும் எட்டு சாட்சிகளும்

அக்கா மகளுக்கு ஏழு வயசு. குளத்துத் தண்ணியை பாட்டிலில் பிடித்துவந்து, "மாமா, இதுல கிருமி இருக்கா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த கிருமி சோப்பு விளம்பரத்தில் வருவது. கோரைப்பல், முள் உடம்பு. "நிறைய உயிர் இருக்கும், ஆனா எல்லாமே கெட்டது இல்லை" என்றேன். நம்பவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. மூன்றரை நூற்றாண்டுக்கு முன் லண்டனின் பெரிய அறிஞர்களே நம்பவில்லையே!

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஆண்டன் வான் லூவன்ஹூக் என்றொரு துணி வியாபாரி. பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. டச்சு தவிர வேறு மொழி தெரியாது. ஆனால் குட்டி லென்சு செய்வதில் கில்லாடி. இன்று மிஞ்சியிருக்கும் அவருடைய நுண்ணோக்கிகளில் ஒன்று சுமார் 266 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஏரி, கோடையில் வெள்ளையாகக் கலங்கி, நடுவே பச்சை மேகம் போல மிதக்கும். பனித்துளி விழுவதால்தான் அப்படி ஆகிறது என்பது கிராமத்தார் சொன்ன விளக்கம். 1674-இல் லூவன்ஹூக் அதில் கொஞ்சம் எடுத்துவந்து மறுநாள் பார்த்தார். உள்ளே பச்சைச் சுருள்கள். அவற்றுக்கிடையே மேலும் கீழும் சுற்றியும் ஓடும் ஜீவன்கள். பாலாடைக்கட்டியின் தோலில் தான் கண்ட மிகச்சிறிய பூச்சியைவிட ஆயிரம் மடங்கு சிறியவை என்று ராயல் சொசைட்டிக்கு எழுதினார்.

1676-இல் இன்னும் நீளமான கடிதம். மிளகு ஊறிய தண்ணீரில் கணக்கில்லாத உயிர்கள்! லண்டனில் சந்தேகப்பட்டார்கள். தன் உத்தியை அவர் வெளியே சொல்லவும் மாட்டார். அதற்குப் பதில் பாதிரியார்கள் உட்பட எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் காட்டி, சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். அதுவும் போதவில்லை. ராபர்ட் ஹூக் தானே மிளகுத் தண்ணீர் தயாரித்து, முதல் முயற்சிகள் சரிவராமல், கடைசியில் 1677 நவம்பர் 15 அன்று சபையில் காட்டினார். கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினார்கள்.

அந்த ஏரியில் அவர் பார்த்த கூட்டத்தில் பலவற்றை இன்று புரோட்டிஸ்டுகள் என்கிறோம். 'புரோட்டிஸ்டா' என்ற பெயரே 1866-இல் ஹெக்கல் வைத்ததுதான். மலேரியா தருவதும் இந்தக் கூட்டத்தில் ஒன்று, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் செய்யும் டையாட்டங்களும் இதே கூட்டம். பாரமீசியம் பாக்டீரியாவைத் தின்னும், அதை இன்னொன்று தின்னும். குளத்து மீன் வரைக்கும் இந்தச் சாப்பாட்டு வரிசை போகும்.

ஒன்றைக் கவனியுங்க. லூவன்ஹூக் வைத்த பெயர் 'சின்ன விலங்குகள்'. நுண்ணுயிர் நோய் தரும் என்ற கொள்கை வலுப்பெற்றது சுமார் இரண்டு நூற்றாண்டு கழித்து. மனிதர்கள் முதலில் வியந்தார்கள், பிறகு பயந்தார்கள். நம்ம பிள்ளைகளுக்கு முதல் பாடமே பயம்.

அதனால் நான் விளக்கத்தை நிறுத்திவிட்டு, குளத்துத் தண்ணியில் நாலு வைக்கோலைப் போட்டுச் சில நாள் வைத்தேன். தெரிந்த ஆசிரியரிடம் நுண்ணோக்கி இரவல் வாங்கி ஒரு துளியைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்: "மாமா, இது என்ன சாப்பிடும்?"

'கிருமி' என்று சொல்லவில்லை. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன்.