பிரம்பை முந்திய பரிவு: கைரவான் கற்றுத்தரும் பாடம்



புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் மனித குலத்தின் மாபெரும் ஆசானாக அனுப்பப்பட்ட நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!

பள்ளிக்கூடங்களும் மத்ரஸாக்களும் கோடை விடுமுறை முடிந்து திறக்கப்படும் காலம் வந்துவிட்டால், பெற்றோர்களாகிய நாம் பல கேள்விகளைக் கேட்கிறோம். கட்டணம் எவ்வளவு? தேர்ச்சி விகிதம் என்ன? வாகன வசதி உண்டா? எத்தனை ஆண்டுகளில் குர்ஆனை ஓதி முடிப்பான்? இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்பதில்லை. அந்த இடத்தில் என் பிள்ளை எப்படி நடத்தப்படுவான்? அங்கே ஏழை வீட்டுப் பிள்ளையும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளையும் ஒன்றாகப் பார்க்கப்படுவார்களா? பிள்ளை அங்கிருந்து திரும்பும்போது கல்வியை நேசிப்பவனாகத் திரும்புவானா, வெறுப்பவனாகத் திரும்புவானா?

இந்தக் கேள்வி இக்கால மனோதத்துவ அறிஞர்கள் கண்டுபிடித்த புதுமை என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்பே நம் இமாம்கள் இதனை மார்க்கச் சட்டப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டு விடை தந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

முதல் பள்ளிக்கூடம்

இஸ்லாத்தின் முதல் பள்ளிக்கூடம் எது என்று கேட்டால், மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியை ஒட்டியிருந்த திண்ணையான ஸுஃப்பாவையே நாம் குறிப்பிடுவோம். வீடு வாசலற்ற ஏழைத் தோழர்கள் அங்கே தங்கிப் பயின்றார்கள். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு நடைபெற்ற பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் எழுதத் தெரிந்தோர், மதீனாவின் சிறுவர்கள் பத்துப் பேருக்கு எழுத்தறிவிப்பதையே தங்கள் மீட்புத் தொகையாகச் செலுத்தலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததை வரலாறு பதிவு செய்திருக்கிறது.

அந்தப் பள்ளியின் சூழல் எப்படி இருந்தது? முஆவியா இப்னுல் ஹகம் அஸ்ஸுலமீ (ரலி) என்ற தோழர், தொழுகையில் பேசக்கூடாது என்பதை அறியாமல், தும்மியவருக்குத் தொழுகைக்கிடையிலேயே பதிலுரைத்துவிட்டார். சுற்றியிருந்தவர்கள் அவரை முறைத்தார்கள். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அடிக்கவில்லை, ஏசவுமில்லை. தொழுகை எதற்குரியது என்பதை மட்டும் எடுத்துரைத்தார்கள். அவர்களைவிட அழகாகக் கற்பிக்கும் ஓர் ஆசிரியரைத் தாம் அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை என்று அந்தத் தோழரே பின்னாளில் சாட்சியம் கூறினார். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது. தவறு செய்தவரே ஆசிரியரைப் புகழும்படி அந்தத் திருத்தம் அமைந்திருந்தது.

கைரவான் நகரம்

இனி வட ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். இன்றைய துனீசியாவிலுள்ள கைரவான் நகரம் உக்பா இப்னு நாஃபிஉ (ரஹ்) அவர்களால் ஹிஜ்ரி 50, அதாவது கி.பி. 670இல் நிறுவப்பட்டது. மூன்றாம் ஹிஜ்ரி நூற்றாண்டில் அது மாலிக்கி மத்ஹபின் மாபெரும் கல்விக் கேந்திரமாகத் திகழ்ந்தது. சிறுவர்கள் பயிலும் ஆரம்பப் பள்ளிகள் அங்கே ‘குத்தாப்’ என அழைக்கப்பட்டன. நம் ஊர் மக்தப் மத்ரஸாக்களைப் போன்றவை அவை.

அந்நகரின் தலைசிறந்த சட்டமேதை இமாம் ஸஹ்னூன் (ரஹ்). ‘அல்முதவ்வனா’ என்ற மாலிக்கி சட்டப் பெருநூலைத் தொகுத்தளித்தவர்கள். ஹிஜ்ரி 234 முதல் 240இல் மரணிக்கும் வரை கைரவானின் காழியாகப் பணியாற்றியவர்கள். அத்தகைய பெருந்தகை, தம் மகன் முஹம்மதை ஓதவைக்க ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்தபோது என்ன சொல்லி அனுப்பினார்கள் தெரியுமா? பாராட்டினாலும் கனிவான வார்த்தைகளாலும் மட்டுமே அவனைப் பண்படுத்துங்கள். அடியாலும் கடுமையாலும் பண்படுத்தத் தக்கவனல்லன் அவன் என்ற கருத்தையே சொல்லியனுப்பினார்கள்.

அன்பர்களே, சற்றுச் சிந்தியுங்கள். நம் ஊர்களில் பிள்ளையை ஓத அனுப்பும்போது, “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஹஜ்ரத்” என்று சொல்லி ஒப்படைத்த தந்தைமார் எத்தனை பேர்! அதைப் பெருமையாக நினைத்தவர்கள் எத்தனை பேர்! ஒரு நகரத்துக்கே தீர்ப்பு வழங்கிய நீதிபதியோ தம் மகனுக்காகக் கனிவை வேண்டி நின்றார்கள்.

ஆசிரியர்களுக்கான சட்டநூல்

அந்த மகன்தான் இமாம் முஹம்மது இப்னு ஸஹ்னூன் (ரஹ்). ஹிஜ்ரி 202 முதல் 256 வரை, அதாவது கி.பி. 817 முதல் 870 வரை வாழ்ந்தவர்கள். தந்தையிடம் கேட்டறிந்த தீர்ப்புகளைத் திரட்டி ‘ஆதாபுல் முஅல்லிமீன்’ என்ற சிறுநூலை இயற்றினார்கள். ஆசிரியர்களின் ஒழுக்க நெறிகள் என்பது அதன் பொருள். கல்வி குறித்து இஸ்லாமிய உலகில் தோன்றிய மிகப் பழமையான தனி நூல்களில் ஒன்று அது. 1931இல் துனிஸ் நகரில் அச்சேறியது.

அந்நூலின் சிறப்பு, அது உபதேசத்தோடு நின்றுவிடாமல் ஆசிரியரின் ஒவ்வொரு நடத்தையையும் ஹலால், ஹராம் என்ற தராசில் நிறுத்துப் பார்ப்பதாகும்.

முதலாவது நீதி. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளில் ஏழையையும் செல்வந்தரையும் சமமாக நடத்தாத ஆசிரியர் மறுமையில் மோசடிக்காரர்களோடு எழுப்பப்படுவார் என்ற கருத்திலமைந்த அறிவிப்பை அனஸ் (ரலி) அவர்கள் வழியாக இமாம் எடுத்தெழுதுகிறார்கள். பாரபட்சம் வெறும் குணக்குறை அன்று. அமானிதத்தில் செய்யப்படும் மோசடி!

இரண்டாவது நேரம். ஆசிரியர் கூலிக்கு அமர்த்தப்பட்டவர். ஆகவே பிள்ளைகளின் நேரம் அவருடைய நேரமன்று. பாடவேளையில் அவர்களை விட்டுவிட்டுச் சொந்த வேலைக்குச் செல்வதும், பிள்ளைகளைத் தம் ஏவல்களுக்கு அனுப்புவதும் கூடாது என்று கண்டிக்கிறார்கள். உஸ்தாதுக்குக் கடையில் சாமான் வாங்கச் சென்றே பாடத்தைத் தவறவிட்ட பிள்ளைகள் நம்மிடையே இல்லையா?

மூன்றாவது கையூட்டு. பேசிய கூலிக்கு மேல் அன்பளிப்புக் கொண்டுவரும்படி பிள்ளைகளை நிர்ப்பந்திப்பது ஹராம் என்கிறார்கள். கொண்டுவர இயலாத பிள்ளையின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை அறிந்தவர்கள் அல்லவா அவர்கள்!

நான்காவது உணவும் ஓய்வும். வீட்டிலிருந்து சாப்பிட அழைத்தால் பிள்ளையைத் தடுத்து வைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை விடுமுறை. நோன்புப் பெருநாளுக்கு ஒருநாள், மூன்று நாள் வரையிலும் விடலாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாள், ஐந்து நாள் வரையிலும் விடலாம்.

ஐந்தாவது தண்டனை. இதில் நாம் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காலத்தில் உலகெங்கும் பள்ளிக்கூடம் என்றால் பிரம்பும் உடன் இருந்தது. இமாமவர்களும் அதை முற்றாகத் தடை செய்யவில்லை. ஆனால் அதைச் சுற்றிலும் வேலி எழுப்பினார்கள். தந்தையின் அனுமதியின்றி மூன்று அடியைத் தாண்டக் கூடாது. தலையிலும் முகத்திலும் அடிக்கவே கூடாது. அடிக்கும் அதிகாரத்தை மாணவர்களில் எவனிடமும் கொடுக்கக் கூடாது. எல்லை மீறியதால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் ஆசிரியரே சட்டப்படி பொறுப்பாளி. பிள்ளையின் உடம்பு ஆசிரியருக்குச் சொந்தமன்று என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்?

இவர்களுக்குப் பின் அதே கைரவானில் இமாம் அபுல் ஹஸன் அல்காபிஸீ (ரஹ்) தோன்றினார்கள். ஹிஜ்ரி 403, கி.பி. 1012இல் மறைந்த இவர்கள் கண்பார்வை இழந்தவர்கள். ஆசிரியர், மாணவர் உறவு குறித்து விரிவான நூலொன்றைத் தந்தார்கள். ஆசிரியர் தந்தையின் இடத்தில் இருப்பவர் என்றும், எந்நேரமும் கடுகடுத்த முகத்துடன் இருப்பது வெறுக்கத்தக்க முரட்டுத்தனம் என்றும் எழுதினார்கள். முகம் பார்க்க இயலாத இமாம், ஆசிரியரின் முகத்தைப் பற்றிப் பேசினார்கள்!

இப்னு கல்தூனின் எச்சரிக்கை

கி.பி. 1332இல் துனிஸ் நகரில் பிறந்தவர் வரலாற்று மேதை இப்னு கல்தூன் (ரஹ்). 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில், மாணவர்களிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குக் கேடு என்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்கள். கடுமையில் வளரும் பிள்ளையின் உள்ளம் சுருங்கிவிடுகிறது. உற்சாகம் போய்ச் சோம்பல் குடியேறுகிறது. அடிக்குப் பயந்து பொய்யும் பாசாங்கும் கற்கிறான். பிறகு அதுவே அவனுடைய குணமாக நிலைத்துவிடுகிறது. தன்மானத்தைக் காக்கும் ஆற்றலையும் இழந்துவிடுகிறான். இதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். அத்துடன் நில்லாமல், அடக்குமுறைக்கு ஆளான சமுதாயங்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது என்றார்கள். ஒரு வகுப்பறையில் நடப்பதே ஒரு சமுதாயத்திலும் நடக்கிறது.

நான் கண்ட உண்மை

சகோதரர்களே, இதை நான் ஏட்டில் மட்டும் படித்தவனல்லன். இருபது ஆண்டுகளுக்கு முன், ஓதி முடித்து ஸனது வாங்கிய புதிதில், ஒரு சிற்றூரின் மக்தபில் பணியில் அமர்ந்தேன். என் கையில் எப்போதும் பிரம்பு இருக்கும். நான் உள்ளே நுழைந்தால் நாற்பது பிள்ளைகளும் மூச்சுவிடாமல் அமர்வார்கள். அந்த அமைதியைக் கண்டு ஜமாஅத்தார் மெச்சினார்கள். நானும் பெருமிதம் கொண்டேன்.

அன்றன்று பாடம் கொடுத்த இடத்தில் பிள்ளையின் காயிதாவில் பென்சிலால் கோடிடுவது என் வழக்கம். ஒருநாள் ஒரு சிறுவனின் காயிதாவை எதேச்சையாகப் புரட்டினேன். என் கோடுகள் அழிக்கப்பட்டு, வேறு இடத்தில் புதிய கோடுகள் இடப்பட்டிருந்தன. மற்றப் பிள்ளைகளின் காயிதாக்களையும் பார்த்தேன். பலவற்றில் அதே நிலை. அந்தச் சிறுவனை அருகில் அழைத்து எழுத்துக்களைச் சுட்டிக் கேட்டேன். பக்கத்துப் பிள்ளை ஓதுவதைக் காதால் கேட்டுத்தான் இரண்டு மாதங்களாக அவன் ஒப்பித்து வந்திருக்கிறான். பாதி எழுத்துக்களை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. “ஏன் தெரியாது என்று சொல்லவில்லை?” என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அல்லாஹ்வின் வேதத்தைக் கற்பிக்கிறேன் என்று எண்ணி, அல்லாஹ்வின் வீட்டிலேயே பொய்யைக் கற்பித்திருக்கிறேன்! இப்னு கல்தூன் எழுதிய அத்தியாயத்தின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. அன்றோடு பிரம்பை விட்டேன். ஓரிரு மாதங்கள் வகுப்பில் இரைச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் அதன் பிறகு, “ஹஜ்ரத், இது எனக்கு வரவில்லை” என்று பிள்ளைகள் தாமாக வந்து சொல்லத் தொடங்கினார்கள். கல்வி அந்த வார்த்தையில்தான் தொடங்குகிறது.

சட்டமும் அமானிதமும்

நம் நாட்டில் 2009இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளிகளில் உடல் ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2012இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது மத்ரஸாக்களும் வேதபாடசாலைகளும் அதன் வரம்பிலிருந்து விலக்கப்பட்டன. இந்த விலக்கை அடிப்பதற்கான அனுமதியாக யாரேனும் எண்ணிவிட வேண்டாம். தம் பொறுப்பிலுள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். சட்டம் பார்க்காத இடத்திலும் அல்லாஹ் பார்க்கிறான் என்று மிம்பரில் பேசுகிற நாம், பள்ளியின் மாடியில் பிள்ளைகளோடு இருக்கும்போது அதை மறக்கலாமா?

பிரம்பைக் கீழே வைத்துவிட்டால் மட்டும் போதாது. “நீ எதற்கும் லாயக்கில்லை” என்ற சொல் பிரம்பைவிட ஆழமாகப் பாயும். மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் கட்டணப் பாக்கியைக் கேட்பதும், தந்தையின் தொழிலைச் சொல்லி ஏளனம் செய்வதும் இமாம் இப்னு ஸஹ்னூன் (ரஹ்) கண்டித்த பாரபட்சத்தின் இன்றைய வடிவங்களே.

பெற்றோர்களே! பிள்ளை வீடு திரும்பியதும் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன், இன்று உன்னை யாரேனும் மனம் நோகச் செய்தார்களா, நீ யாரையேனும் நோகச் செய்தாயா என்று கேளுங்கள். உஸ்தாதிடம் பேசும்போது இமாம் ஸஹ்னூனைப் போலப் பேசுங்கள். நிர்வாகிகளே! ஐம்பது பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைத்து, குடும்பம் நடத்தப் போதாத சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, அவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நீதியாகுமா? உஸ்தாதுமார்களே! கோபம் வந்த நேரத்தில் எவரையும் தண்டிக்க மறுத்து, அடிக்கக் கொண்டுவரப்பட்டவரை விடுவித்துவிட்டதாக வரலாறு கூறும் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களை நினைவில் நிறுத்துவோம்.

ஓதக் கற்றுத் தந்தவரை நினைக்கும்போது பிள்ளையின் உள்ளத்தில் துஆ பிறக்க வேண்டும். நடுக்கம் பிறக்கக் கூடாது. அத்தகைய பள்ளிக்கூடங்களையும் மத்ரஸாக்களையும் உருவாக்கும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்குவானாக! நம் கைகளாலும் நாவுகளாலும் பிள்ளைகளுக்கு நேர்ந்த தவறுகளை மன்னிப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.